ஈயின் முதுகை வாசிக்க: கீட்டோடாக்ஸி முதல் பாடம்

மீன் வெட்டும் பலகையில் எப்போதும் இரண்டு மூன்று வகை ஈக்கள் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். சாம்பல் நிறத்தில் வீட்டு ஈ, உடம்பெல்லாம் பளபளக்கும் பச்சை ஈ, வயிற்றில் சதுரங்கக் கட்டம் போட்ட சதை ஈ. நிறத்தை வைத்துப் பிரிக்கலாம்தான். ஆனால் செத்து நாளான ஈயில் நிறம் மங்கிவிடும், சாராயத்தில் போட்டால் இன்னும் மாறும். மாறாமல் நிற்பது அதன் உடம்பில் உள்ள முள்மயிர்களின் இடம். எந்த முள்மயிர் எங்கே நிற்கிறது, எத்தனை நிற்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்துப் பூச்சியை அடையாளம் காணும் முறைக்குத்தான் கீட்டோடாக்ஸி என்று பெயர்.

கிரேக்கத்தில் மயிருக்கும் வரிசைக்கும் உள்ள இரண்டு சொற்களைச் சேர்த்து உண்டாக்கிய பெயர் அது. உண்டாக்கியவர் ஆஸ்டன் சாக்கன் என்ற ரஷ்யப் பிரபு. நியூயார்க்கில் ரஷ்யத் தூதரக அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே ஈக்களை ஆராய்ந்தவர். ஈக்களின் முள்மயிர்களுக்கு ஒழுங்காகப் பெயர் வைத்து 1884-ல் அவர் லண்டனில் வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் துறைக்கு அடித்தளம். இன்றும் நாம் சொல்லும் பெயர்களில் பல அந்தக் காலத்தவை.

விலங்கியல் வகுப்பில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஈயை மேசையில் வைத்து நீங்களே எண்ணிப் பார்த்தால்தான் இது கைக்கு வரும். அதற்கான வழியை இங்கே எழுதுகிறேன்.

முள்மயிர் எது, வெறும் மயிர் எது

ஈயின் உடம்பில் மயிர் மாதிரித் தெரிவது எல்லாம் ஒரே பொருள் இல்லை. தடித்து, நீண்டு, தனியாக நிற்பது முள்மயிர். அதே அமைப்பில் சின்னதாக, கூட்டமாகப் படுத்திருப்பவை குறுமயிர்கள். இவை இரண்டுக்கும் அடியில் வட்டமான ஒரு குழி இருக்கும். மூன்றாவது வகை, தூசி படிந்தது போல மேல்தோல் முழுக்கத் தெரியும் மிக நுண்ணிய பூமயிர். அதற்குக் குழி கிடையாது. தோலே நீண்டு முளைத்தது அது.

இந்தக் குழியை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீட்டோடாக்ஸியில் நான் ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லிக்கொடுக்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்: மயிரைத் தேடாதீர்கள், குழியைத் தேடுங்கள். முள்மயிர் உடையும், உதிரும், எண்ணெய் பட்டு ஒட்டிக்கொள்ளும். குழி அப்படியே இருக்கும். வீடு இடிந்து போனாலும் கடைக்கால் தெரிகிற மாதிரி.

ஆரம்பத்தில் ஒரு ஈயைப் பார்த்து, முதுகில் ஒரு ஜோடி குறைகிறது, இது வேறு இனம் என்று நோட்டில் எழுதிவைத்தேன். இரண்டு நாள் அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்தி வைத்துப் பார்த்தபோது, முள்மயிர் இல்லை என்று நினைத்த அதே இடத்தில் இரண்டு குழிகள் நிழலோடு தெரிந்தன. ஈயைப் பிடித்த வலையில் அவை உதிர்ந்திருக்கின்றன. அன்றிலிருந்து 'இல்லை' என்று எழுதும் முன் குழியைப் பார்க்காமல் விடுவதில்லை.

அந்தக் குழி ஏன் அவ்வளவு உறுதியாக அதே இடத்தில் இருக்கிறது? முள்மயிர் ஒரு தொடுபுலன். பழத்தைச் சுற்றும் டிரோசோஃபிலா ஈயில் இது நன்றாகத் தெரிந்த கதை. ஒரே ஒரு தாய்ச் செல் பிரிந்து பிரிந்து, மயிர்த்தண்டுக்கு ஒன்று, குழிக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று, நரம்பின் உறைக்கு ஒன்று என்று செல்களைக் கொடுக்கிறது. அந்தத் தாய்ச் செல் எங்கே உண்டாக வேண்டும் என்பதை ஆக்கீட், ஸ்க்யூட் என்ற மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. ஸ்க்யூட் கெட்டுப்போனால் குறிப்பிட்ட சில முள்மயிர்கள் முளைப்பதே இல்லை. இன்னொன்று, தலையை எடுத்துவிட்ட ஈயின் முதுகில் ஒரு முள்மயிரை மெல்லத் தொட்டால், கால் நேராக அந்த இடத்துக்கு வந்து துடைக்கும். எந்த முள்மயிர் எங்கே இருக்கிறது என்று ஈக்கே தெரியும்.

தேவையான சாமான்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் வீட்டு ஈ அளவுக்கு ஆரம்பிக்கலாம். நகைக்கடையில் வைத்திருக்கும் லூப் போதும். வாழைப்பழ ஈக்கு அது போதாது. 20 முதல் 40 மடங்கு காட்டும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் வேண்டும். பக்கத்துக் கல்லூரி விலங்கியல் துறையில் கேட்டால் சனிக்கிழமைகளில் உட்கார விடுவார்கள். பூச்சி ஊசி, இரண்டாம் அல்லது மூன்றாம் எண். கொஞ்சம் பிளாஸ்டிசின் களிமண். டிரேசிங் பேப்பர். மேசை விளக்கு. பென்சிலும் கோடு போடாத நோட்டும். அவ்வளவுதான்.

ஈயைத் தயார் செய்வது

முதல் ஈயாக வீட்டு ஈயை எடுங்கள். சின்னதும் இல்லை, கிடைக்காததும் இல்லை. கையால் அடித்துப் பிடித்தது வேண்டாம். முதுகு நசுங்கிவிட்டால் படிக்க எதுவும் மிஞ்சாது. கண்ணாடிப் புட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, மூடியோடு ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்தால் போதும். புட்டிக்குள் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் உள்ளே நீர் கோர்த்து, முள்மயிர்கள் நனைந்த தலைமுடி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரு புட்டியில் பத்து ஈயை அடைக்கவும் கூடாது. ஒன்றின் மேல் ஒன்று உரசி மயிர் உதிரும்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் ஒற்றுத்தாளில் வைத்து நீர் காயவிடுங்கள். அப்புறம் ஊசி. இங்கேதான் புதியவர்கள் தவறு செய்வார்கள். ஊசியை முதுகின் நடுவில் குத்தக் கூடாது. நடுக்கோட்டிலிருந்து வலப்புறம் சற்றுத் தள்ளி, முதுகின் பின்பாதியில் குத்த வேண்டும். நடுவில் குத்தினால் நடுவரிசை முள்மயிர்கள் இரண்டு பக்கமும் போய்விடும். வலப்புறம் குத்தினால் இடப்பக்கம் முழுசாக இருக்கும். ஈயின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் என்பதால் இடப்பக்கம் மட்டும் இருந்தாலே நமக்குப் போதும்.

ஒரு எண், பிடித்த ஊர், தேதி, பிடித்தவர் பெயர் எழுதிய சின்னத் துண்டுச் சீட்டை அதே ஊசியில் குத்துங்கள். சீட்டு இல்லாத ஈக்கு அடையாளம் கண்டு என்ன பயன்? பெட்டியில் அந்துருண்டை போட்டு வையுங்கள். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். எறும்பு வேறு வரும். இரண்டும் முதலில் மயிரைத்தான் கெடுக்கும்.

வெளிச்சம்

விளக்கை நேராக ஈயின் மேல் அடித்தால் பளபளப்பில் ஒன்றும் தெரியாது. விளக்குக்கும் ஈக்கும் நடுவே டிரேசிங் பேப்பர் பிடியுங்கள். வெளிச்சம் மென்மையாகும், முள்மயிர்களின் முழு நீளமும் தெரியும். இது எண்ணுவதற்கு. குழியைப் பார்க்க வேண்டுமென்றால் பேப்பரை எடுத்துவிட்டு, விளக்கை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி ஒரு பக்கத்திலிருந்து அடியுங்கள். ஊசியைப் பிளாஸ்டிசினில் நட்டு மெல்லச் சுழற்றினால் ஏதாவது ஒரு கோணத்தில் குழி நிழலோடு கண்ணில் படும்.

முதுகு ஓர் ஊர்

பெயர்களை மனப்பாடம் செய்யும் முன் ஊரின் எல்லைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஈயின் தலை உங்களைப் பார்க்காமல் மேல்நோக்கி இருக்கும்படி வையுங்கள். முதுகுத் தகட்டின் ஏறக்குறைய நடுவில், இரு பக்கமிருந்தும் உள்நோக்கி ஓடும் ஒரு குறுக்குக் கோடு தெரியும். அதுதான் குறுக்குத் தையல். அதற்கு முன்னால் இருப்பது முன்பாதி, பின்னால் இருப்பது பின்பாதி. பின்பாதி முடிந்ததும் அரைவட்டமாக ஒரு தனித் தகடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது ஸ்கூட்டெல்லம். முன்மூலைகளில் தோள் மாதிரிப் புடைத்திருப்பது தோள்மேடு. தோள்மேட்டுக்கும் சிறகு முளைக்கும் இடத்துக்கும் நடுவே, பக்கவாட்டில் முக்கோணமாக ஒரு பள்ளத் தகடு இருக்கும். அதற்கு நோட்டோப்ளூரான் என்று பெயர். பின்மூலையில், சிறகுக்குப் பின்னால், இன்னொரு சின்ன மேடு.

இந்த ஊரில் தெருக்கள் எல்லாம் தலையிலிருந்து வயிற்றை நோக்கி ஓடும். நடுக்கோட்டுக்கு ஒட்டி இரு பக்கமும் உள்ள முதல் தெரு அக்ரோஸ்டிக்கல். அதற்கு வெளியே இரண்டாவது தெரு டார்ஸோசென்ட்ரல். பெரும்பாலான ஈக்களில் கண்ணுக்கு முதலில் படுவது இந்த வரிசைதான். அதற்கும் வெளியே, சிறகை நோக்கி, இண்ட்ரா ஏலார். சிறகுக்கு நேர் மேலே சூப்ரா ஏலார். பின்மூலை மேட்டில் நிற்பவை போஸ்ட் ஏலார். ஸ்கூட்டெல்லத்தின் ஓரத்தில் நிற்பவை ஸ்கூட்டெல்லார். முக்கோணத் தகட்டில் நிற்பவை நோட்டோப்ளூரல்.

முதலில் பெயர் எழுதாதீர்கள். முதுகின் வரைபடத்தை ஒரு பக்கம் முழுக்கப் பெரிதாகப் போட்டு, நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு குழிக்கும் ஒரு வட்டம் வையுங்கள். முள்மயிர் இருந்தால் வட்டத்தை நிரப்புங்கள், உதிர்ந்திருந்தால் வெறும் வட்டமாக விடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு தெருத் தெருவாகப் பெயர் எழுதுங்கள். பெயரை முதலில் எழுதினால், புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காக ஈயில் இல்லாததையும் கண் பார்த்துவிடும். நான் சொல்லிக்கொடுத்தவர்களில் வேகமாகத் தேறியவர்கள் எல்லோரும் படம் போட்டுப் பழகியவர்கள்.

எண்ணிக்கையை எழுதும் முறை எளிது. ஒரு தெருவில், ஒரு பக்கத்தில், தையலுக்கு முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை என்று கூட்டல் குறி போட்டு எழுதுவார்கள். 'டார்ஸோசென்ட்ரல் 2+3' என்றால் முன்னால் இரண்டு, பின்னால் மூன்று. கூட்டி ஐந்து என்று எழுதிவிடாதீர்கள். 2+3 வேறு, 3+2 வேறு.

பக்கவாட்டில் ஒரு வரிசை

ஈயைத் திருப்பி இடப்பக்கம் பாருங்கள். மார்பின் பக்கவாட்டில் பின்பகுதியில், சிறகின் அடிக்குக் கீழே, ஒரு மூச்சுத்துளை இருக்கும். அந்தத் துளைக்குக் கீழே உள்ள தகட்டில் முள்மயிர்கள் வரிசையாக நிற்கின்றனவா?

வீட்டு ஈயில் அங்கே அந்த வரிசை இருக்காது. பச்சை ஈயில் வேலி போட்டது போல நிற்கும். சதை ஈயிலும் நிற்கும். மற்ற பூச்சிகளின் உடம்புக்குள் புழுவாக வளரும் டாக்கினிட் ஈக்களிலும் நிற்கும். வீட்டு ஈ குடும்பத்தையும் இந்த மூன்று குடும்பங்களையும் பிரிக்கும் பெரிய அடையாளம் இந்த ஒற்றை வரிசைதான். பழைய நூல்களில் இதற்கு ஹைப்போப்ளூரல் என்று பெயர், புதியவற்றில் மீரல். இரண்டும் ஒன்றேதான். தோள்மேட்டு முள்மயிரையும் பழையவர்கள் ஹியூமரல் என்றார்கள், இப்போது போஸ்ட்ப்ரோனோடல் என்கிறார்கள். பிரிட்டிஷ் இந்தியக் காலத்து நூல் ஒன்றையும் நேற்று வந்த கட்டுரை ஒன்றையும் சேர்த்து வைத்துப் படிப்பவர்கள் இதில்தான் குழம்புவார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பழைய பெயர், புதிய பெயர் என்று இரண்டு பத்தி போட்டு வையுங்கள்.

முதல்முறை அந்த வரிசையைப் பச்சை ஈயில் பார்க்கும்போது வீட்டு ஈயையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றி மாற்றி லென்ஸைக் கொண்டுபோங்கள். ஐந்து நிமிடத்தில் அந்த வித்தியாசம் மனதில் பதியும். அப்புறம் மறக்கவே மறக்காது.

சதை ஈயையும் பச்சை ஈயையும் பிரிக்க முக்கோணத் தகட்டுக்குப் போங்கள். பச்சை ஈயில் நோட்டோப்ளூரல் இரண்டு. சதை ஈயில் பொதுவாக நான்கு: இரண்டு பெரியவை, இரண்டு சின்னவை. சின்னவற்றைக் குறுமயிர் என்று தள்ளிவிடாதீர்கள். குழியைப் பாருங்கள்.

பச்சை ஈக்குள்ளேயே இன்னொரு பிரிவு உண்டு. மீன் கடையில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் கிரைசோமையா என்ற பேரினம். அதே பச்சையில் லூசிலியாவும் வரும். சிறகு மார்போடு சேரும் இடத்தில், நரம்புகள் பிரியும் முன் உள்ள தடித்த அடிநரம்பின் மேல்புறத்தைப் பாருங்கள். குறுமயிர் வரிசை இருந்தால் கிரைசோமையா, வழவழவென்று இருந்தால் லூசிலியா. பிணத்தின் மேல் வரும் ஈக்களை வைத்து இறந்த நேரத்தைக் கணக்கிடும் தடயவியலில் இந்தப் பிரிவு விளையாட்டு இல்லை. இரண்டும் புழுவிலிருந்து ஈயாக மாற எடுத்துக்கொள்ளும் காலம் வேறு. இனம் தப்பினால் கணக்கும் தப்பும்.

வாழைப்பழ ஈ: பதினொன்று வருகிறதா?

கனிந்த வாழைப்பழத் தோலை ஒரு டம்ளரில் போட்டு ஜன்னலோரம் வைத்தால் மறுநாளே இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் டிரோசோஃபிலாக்கள் வந்துவிடும். முதுகில் வெள்ளிக்கோடு போட்டது வந்தால் அது சாப்ரியோனஸ் என்ற உறவுக்காரர், தனியே எடுத்து வையுங்கள். மற்றவற்றை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, ஒரு சின்னக் கிண்ணத்தில் மணல் பரப்பி, அதில் சாய்த்து வைத்து மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். இவ்வளவு சின்ன ஈக்கு ஊசி குத்த வேண்டாம்.

டிரோசோஃபிலா மெலனோகாஸ்டரின் முதுகில் ஒரு பக்கத்துக்குப் பெரிய முள்மயிர்கள் சரியாகப் பதினொன்று. எண்ணிப் பாருங்கள். தையலுக்கு முன்னால் பக்கவாட்டில் ஒன்று. நோட்டோப்ளூரல் இரண்டு. சூப்ரா ஏலார் இரண்டு. போஸ்ட் ஏலார் இரண்டு. டார்ஸோசென்ட்ரல் இரண்டு, இரண்டுமே தையலுக்குப் பின்னால், அதாவது 0+2. ஸ்கூட்டெல்லார் இரண்டு. இரு பக்கமும் சேர்த்தால் இருபத்திரண்டு.

பதிமூன்று வந்தால் பயப்பட வேண்டாம். தோள்மேட்டில் நிற்கும் இரண்டைச் சேர்த்திருப்பீர்கள். அவை இந்தக் கணக்கில் வராது. பத்து வந்தால் பெரும்பாலும் முக்கோணத் தகட்டின் பின்மூலையில் உள்ளதை விட்டிருப்பீர்கள், சிறகின் நிழலில் அது ஒளிந்துகொள்ளும். இரு பக்கமும் வெவ்வேறு எண்ணிக்கை வந்தால் குழியைத் தேடுங்கள். குழியும் இல்லை என்றால் அதையும் அப்படியே எழுதி வையுங்கள். எப்போதாவது ஓர் ஈக்கு ஒன்று கூடவோ குறையவோ முளைப்பதுண்டு. அதனால்தான் ஒரே ஈயை வைத்து எதையும் முடிவு செய்யாமல், அதே இனத்தில் ஐந்தாறாவது பார்க்கச் சொல்வது. இந்தப் பதினொன்றும் தடுமாறாமல் வர எனக்கு ஒரு வாரம் ஆனது. அதற்குப் பிறகு எந்த ஈயின் முதுகும் அந்நியமாகத் தெரியவில்லை.

தலையிலும் இதே வேலைதான். உச்சியில், கண்ணோரம், ஒற்றைக்கண்கள் நடுவே என்று முள்மயிர்கள் உண்டு. அங்கே எண்ணிக்கையை விடச் சாய்வு முக்கியம்: முன்னே சாய்கிறதா, பின்னே சாய்கிறதா, ஒன்றையொன்று நோக்கிச் சாய்கிறதா என்று குறியுங்கள். முதுகு பழகியபின் அங்கே போனால் போதும்.

புழுவுக்கும் உண்டு

மக்காச்சோளம் போட்டவர்களுக்குப் படைப்புழுவைத் தெரியாமல் இருக்காது. அமெரிக்காவிலிருந்து வந்த அந்தப் படைப்புழு இந்தியாவில் முதலில் தென்பட்டது 2018-ல், கர்நாடகத்தில். வால்பக்கம் சதுரமாக நான்கு கறுப்புப் புள்ளி இருந்தால் அதுதான் என்று வேளாண் அலுவலர்கள் சொல்வார்கள். அந்த நான்கு புள்ளியும் கீட்டோடாக்ஸிதான். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் ஒரு மயிர் நிற்கிறது. கம்பளிப்புழுக்களின் மயிர்களுக்கு ஹிண்டன் என்ற ஆய்வாளர் 1946-ல் ஒழுங்குபடுத்திய பெயர்முறையில், முதுகுப்பக்க மயிர்கள் டி1, டி2. வலது இடது என்று சேர்த்து நான்கு.

அந்த நான்கு புள்ளியும் இருப்பது எட்டாவது வயிற்றுக் கண்டத்தில், அதாவது வயிற்றின் எட்டாவது வளையத்தில். அதைக் கண்டுபிடிப்பதில்தான் வயலில் தடுமாறுவார்கள். வழி இது: புழுவின் நடு உடம்பில் நான்கு ஜோடி பொய்க்கால்கள் தொடர்ச்சியாக இருக்கும். அவை மூன்று முதல் ஆறு வரையான கண்டங்கள். அந்த நான்கில் கடைசி ஜோடியை விரலால் பிடித்துக்கொண்டு பின்னால் இரண்டு கண்டம் எண்ணுங்கள், அதுதான் எட்டு. அங்கே நான்கும் சதுரமாக, மற்ற கண்டங்களில் உள்ளவற்றை விடப் பெரிதாக இருக்க வேண்டும். அதற்கு அடுத்த ஒன்பதாவதில் சதுரம் குலைந்து சரிவகமாகிவிடும். தலையின் முன்புறத்தில் தலைகீழான ஒய் போன்ற வெளிர்கோடும் இருந்தால் இன்னும் உறுதி. முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த குஞ்சுப்புழுவில் இவை தெளிவாக இருக்காது, இரண்டு மூன்று தோல் உரித்த புழுவாக எடுங்கள்.

கொசுப்புழுவுக்கும் இப்படித்தான். மூச்சுக்குழலில் ஒரே ஒரு ஜோடி மயிர்க்கொத்து இருந்தால் ஏடிஸ், பல ஜோடி இருந்தால் கியூலெக்ஸ். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து ஒரு கரண்டித் தண்ணீர் எடுத்து, புழுவைக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு நீரில் வைத்து, கீழிருந்து வெளிச்சம் கொடுத்துப் பாருங்கள். குழல் பழுப்பாகத் தெரியும், கொத்து அதன் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்.

வரைந்த படங்களை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் அந்த ஈயின் ஊசிச் சீட்டில் உள்ள எண்ணையே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து, முன்பு நிரப்பாமல் விட்ட வட்டம் ஒன்றைப் பற்றிச் சந்தேகம் வரும். பெட்டியைத் திறந்து அதே ஈயை எடுத்து, விளக்கைத் தாழ்த்தி வைத்துக் குழியைப் பார்த்துவிடலாம்.